யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, இலங்கையின் வட மாகாணத்தில் யாழ்ப்பாண நகரில் அமைந்துள்ள ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை ஆகும். 1850 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை என்னும் பெயரில் தொடங்கப்பட்ட இது, 1881 இல் அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இயங்கி வரும் இக்கல்லூரி, 1960 இல் இலங்கை அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அரசிடம் சேராமல் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிலைத்து நின்ற சில பாடசாலைகளுள் ஒன்றாகும்.

பெயர்

இக்கல்லூரி அலுவல் முறையில் புனித பத்திரிசியார் கல்லூரி எனப்பட்டாலும், யாழ்ப்பாண மக்கள் வழக்கில் "சம்பத்திரிசியார் கல்லூரி" என்றும், ஆங்கில ஒலிப்பைத் தழுவி "சென் பற்றிக்ஸ்" என்றும் அழைக்கப்படுகின்றது. "சம்" என்னும் முன்னொட்டு, புனிதர் எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபாகும். சந்தியோகுமையார் போன்ற பெயர்களிலும் இவ்வழக்கைக் காணலாம். போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி இரு நூற்றாண்டுகளின் பின்னர் தொடங்கப்பட்ட ஓர் ஆங்கிலப் பாடசாலையின் பெயருக்கும் மக்கள் இதே முன்னொட்டைச் சேர்த்து வழங்கியமை, கத்தோலிக்கத் தமிழின் சொல்மரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

கல்லூரியின் மாணவர்களும் பழைய மாணவர்களும் "பற்றீசியன்கள்" எனப்படுகின்றனர்.

அமைவிடம்

யாழ்ப்பாண நகரின் தெற்குப் பகுதியில், கடனீரேரிக்கு அண்மையில் கல்லூரி அமைந்துள்ளது. புனித மரியன்னை பேராலயம், ஆயர் இல்லம், திருக்குடும்பக் கன்னியர் மடம் முதலிய மறைமாவட்ட நிறுவனங்கள் இதே சுற்றாடலில் உள்ளன. முன்னாளில் கரையூர் என அழைக்கப்பட்ட குருநகரும், அதற்குக் கிழக்கேயுள்ள பாசையூரும் கத்தோலிக்கர் செறிந்து வாழும் கடற்றொழிற் கிராமங்களாகும். இக்கிராமங்களின் பிள்ளைகளும், தீவுப் பகுதி, வலிகாமம், மன்னார், வன்னி ஆகிய இடங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தோரும் கல்லூரியின் மாணவர் தொகையில் முக்கிய பங்கினராய் இருந்து வந்துள்ளனர்.

வரலாறு

பின்னணி

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கம் போர்த்துக்கீசர் காலத்திற் பரவியது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்ததுடன் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதையும் குற்றமாக்கினர். கத்தோலிக்கத் தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் தேவாலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலை முதலிய ஊர்களில் மறைந்திருந்து பணியாற்றியதன் மூலமே இச்சமயம் அங்கு தொடர்ந்து நிலைத்தது. இவர் 2015 ஜனவரி 14 இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு அவர்களாற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பிரித்தானியர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டு கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. எனினும், நீண்ட அடக்குமுறைக் காலத்திற் கத்தோலிக்கருக்கெனக் கல்வி நிறுவனங்கள் எவையும் வளர வாய்ப்பு இருக்கவில்லை. இதே காலத்தில் புரட்டஸ்தாந்து மிசனரிமார் கல்வித் துறையில் மிக வேகமாக முன்னேறினர். அமெரிக்க மிசன் 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. அதே ஆண்டில் அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தோர் நல்லூரில் தொடங்கிய பாடசாலையே பின்னர் பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. வெசுலியன் மிசனின் பாடசாலை யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாயிற்று. சைவர் தரப்பில் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்கான வாயிலாக மாறியிருந்த அக்காலத்தில், கத்தோலிக்கப் பெற்றோர் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பிள்ளைகளைப் புரட்டஸ்தாந்துப் பாடசாலைக்கு அனுப்பி அங்குள்ள சமய போதனைக்கு உட்படுத்துவது. மற்றையது, ஆங்கிலக் கல்வியே இன்றி விடுவது. இந்த இக்கட்டே கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை ஒன்றின் தேவையை உருவாக்கியது.

தொடக்கம்

1840களில் இலங்கைத் திருச்சபை இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணப் பகுதியின் முதல் அப்போஸ்தலிக்க விக்காராக இத்தாலியரான ஒறாசியோ பெத்தாக்கினி ஆண்டகை நியமிக்கப்பட்டார். பணிக்கு ஆள் போதாத நிலையில் அவர் ஐரோப்பாவிலிருந்து புதிய துறவற சபையொன்றின் உதவியை நாடினார். பிரான்சின் மார்சேய் நகர ஆயர் யூஜின் டி மசனட் அவர்களால் நிறுவப்பட்ட அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குழுவினர், செமேரியா அடிகளார் தலைமையில் 1847 நவம்பரில் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினர். அங்கிருந்து அவர்கள் யாழ்ப்பாணத்தை அடைந்தனர்.

பெத்தாக்கினி ஆண்டகையின் முயற்சியால் 1850 இல் யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை தொடங்கப்பட்டது. இது யாழ்ப்பாண ஆண்கள் செமினரி எனவும் அழைக்கப்பட்டது. மிசனரிமாரிற் பலர் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியருமாக இருந்தமையால், ஆங்கிலத்தைக் கற்பிக்க ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் தேவைப்பட்டனர். அத்தகையோரை அளிக்கக்கூடிய நாடாக அயர்லாந்து விளங்கியது. பிற்காலத்தில் கல்லூரிக்கு அயர்லாந்தின் பாதுகாவலர் பெயர் வாய்த்தமைக்கு இத்தொடர்பே பின்புலமாகும்.

1857 இல் பெத்தாக்கினி ஆண்டகை காலமானதைத் தொடர்ந்து செமேரியா ஆண்டகை பொறுப்பேற்றார். இவர் காலத்தில், 1862 இல், திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து பெண்கள் கல்வியைத் தொடங்கினர். இவ்வாறு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியான கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலைகள் ஒரே சுற்றாடலில் வளர்ந்தன.

சமயப் பாடசாலைகள் பற்றிய விவாதம்

அரச நிதி பெறும் பாடசாலைகள் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான பாடசாலைகளாக இருக்க வேண்டுமா, அல்லது ஒவ்வொரு சமயத்தவரும் தத்தமக்கெனப் பாடசாலை நடத்த அரசு உதவ வேண்டுமா என்னும் கேள்வி 1860களில் இலங்கையிற் கடுமையாக விவாதிக்கப்பட்டது. பொதுப் பாடசாலைகள் எனப்பட்டவை நடைமுறையிற் புரட்டஸ்தாந்துச் சார்புடையனவாக இருந்ததால் கத்தோலிக்கர் பாதிக்கப்படுவதாக யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய கிறிஸ்தோப்பர் பொஞ்சியன் அடிகளார் எழுத்து மூலம் வாதிட்டார். ஒவ்வொரு சமயத்தவரும் தம் பிள்ளைகளைத் தம் சமயச் சூழலிற் படிப்பிக்கும் உரிமை உடையவர் என்பதும், கற்பிக்கப்படும் உலகியற் பாடங்களின் தரத்தை மட்டும் பார்த்து அரசு நிதி வழங்க வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடு.

இவ்விவாதத்தின் பின்னர் சட்ட நிரூபண சபையின் குழு ஒன்று (மோர்கன் குழு) கல்வி நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 1869 இல் பொதுக் கல்வித் திணைக்களம் உருவாக்கப்பட்டு, தேர்வுப் பெறுபேற்றின் அடிப்படையில் உதவி நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கப் பாடசாலைகளின் பெருக்கத்துக்கு மட்டுமன்றி, பின்னர் சைவ, பௌத்த, இசுலாமியப் பாடசாலைகளின் எழுச்சிக்கும் இம்முறையே வழிவகுத்தது. பொஞ்சியன் 1868 இல் யாழ்ப்பாண ஆயர் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டு, 1883 இல் கொழும்புக்கு மாற்றப்பட்டார். இவர் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே 1876 இல் "சத்தியவேத பாதுகாவலன்" என்னும் தமிழ் இதழும், ஆங்கிலத்தில் "யாழ்ப்பாணக் கத்தோலிக்கப் பாதுகாவலன்" எனப் பொருள்படும் இதழும் தொடங்கப்பட்டன.

கல்லூரியாக வளர்ச்சி

1881 இல் பாடசாலை புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. இதற்கு முந்திய ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வுகள் இலங்கையில் நடத்தத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கும் மாணவரை ஆயத்தம் செய்வதே அக்காலக் கல்லூரிகளின் முதன்மைப் பணியாயிற்று. இலத்தீன், ஆங்கில இலக்கியம், கணிதம் ஆகியன பாடத்திட்டத்தின் நடுவிடத்தைப் பிடித்திருந்தன. தமிழுக்கு அளிக்கப்பட்ட இடம் குறைவாகவே இருந்தது. இது அக்காலத்து யாழ்ப்பாண ஆங்கிலக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான நிலையாகும்.

1886 இல் இலங்கையில் முறையான மறைமாவட்ட அமைப்பு நிறுவப்பட்டபோது யாழ்ப்பாணம் தனி மறைமாவட்டமாயிற்று. ஆயர்களும் கல்லூரி அதிபர்களும் அமலமரித் தியாகிகள் சபையினராகவே தொடர்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்தியூஸ் அடிகளார் அதிபராகப் பணியாற்றிய காலம் கல்லூரி கல்வியிலும் விளையாட்டிலும் உயர்ந்த காலங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் இங்கு கற்றதும் இக்காலப் பகுதியிலாகும்.

லோங் அடிகளாரும் யாழ்ப்பாணப் பொது நூலகமும்

அயர்லாந்தைச் சேர்ந்த திமொத்தி லோங் அடிகளார் 1936 முதல் 1954 வரை கல்லூரியின் அதிபராக விளங்கினார். கல்லூரிக்கு வெளியே இவர் பெயர் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் இணைத்தே நினைக்கப்படுகின்றது.

க. மு. செல்லப்பா 1933 இல் தம் வீட்டில் தொடங்கிய சிறிய நூற்சேர்க்கை, பின்னர் நகரசபையின் நூலகமாக வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் இதற்கெனப் பெருங்கட்டடம் ஒன்றை அமைக்க யாழ்ப்பாண மாநகர முதல்வர் சாம் சபாபதி முதலானோர் முயன்றபோது, லோங் அடிகளார் அம்முயற்சியில் முன்னின்று உழைத்தார். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கே. எஸ். நரசிம்மனின் திட்ட வரைபும் பெறப்பட்டன. 1954 மார்ச்சு 29 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 இல் நூலகம் திறந்து வைக்கப்பட்டது. லோங் அடிகளாரின் பணியை நினைவுகூரும் வகையில் நூலக வளாகத்தில் அவருக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் அதிபர், கலைமகள் சிலை முகப்பில் வீற்றிருக்கும் பொது நூலகம் ஒன்றுக்காக உழைத்தமை, சமயப் பாடசாலைகளுக்கிடையே போட்டி நிலவிய யாழ்ப்பாணத்திற் குறிப்பிடத்தக்கதாகும்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் இந்நூலகம் எரியூட்டப்பட்டு, சுமார் 97,000 நூல்களும் பல ஓலைச்சுவடிகளும் அழிந்தன. நூலகம் எரிந்த காட்சியைக் கண்ட பன்மொழி அறிஞரும் கத்தோலிக்கக் குருவுமான தாவீது அடிகளார் அதிர்ச்சியுற்று உயிர்நீத்தார்.

இலவசக் கல்வியும் மொழி மாற்றமும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தங்களின் பயனாக 1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் எட்டிய ஆங்கிலப் பாடசாலைக் கல்வி, படிப்படியாக ஏனையோருக்கும் திறக்கப்பட்டது. இதனுடன் தாய்மொழி மூலக் கல்வியும் வகுப்பு வகுப்பாக அறிமுகம் செய்யப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கிலத்தையே அடித்தளமாகக் கொண்டிருந்த கல்லூரி, தமிழ் மூலம் கற்பிக்கும் கல்லூரியாக மாறியது. பாடநூல், கலைச்சொல், ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே வேளையிற் தேவைப்பட்ட இம்மாற்றம் அறிவியற் பாடங்களுக்குப் பெருஞ் சவாலாக அமைந்தது.

1950 இல் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை யாழ்ப்பாணத்தின் முதலாவது சுதேச ஆயராகப் பொறுப்பேற்றார். இதனைத் தொடர்ந்து கல்லூரியின் தலைமையும் ஐரோப்பிய மிசனரிமாரிடமிருந்து தமிழ்க் குருமாரின் கைக்கு வந்தது.

1960 ஆம் ஆண்டுப் பாடசாலைக் கையேற்பு

1960 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசே பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டு வந்தது (1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம்). 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் இதனை முழுமைப்படுத்தியது. நாட்டின் பல பகுதிகளிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் இலங்கை வந்து நிகழ்த்திய பேச்சுக்களின் பின் இவ்வெதிர்ப்பு முடிவுக்கு வந்தது.

முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்குச் சட்டம் ஒரு தேர்வை வழங்கியது. அவை விரும்பினால் தனியார் பாடசாலைகளாகத் தொடரலாம். ஆனால் அரசின் உதவி நன்கொடை நிறுத்தப்படும், மாணவரிடம் கட்டணம் அறவிடவும் கூடாது. அதாவது, வருமானத்தின் இரு வழிகளும் ஒரே வேளையில் அடைக்கப்பட்டன. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பெரும்பாலான பங்குப் பாடசாலைகள் அரசிடம் சென்றன. புனித பத்திரிசியார் கல்லூரியோ கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிலைக்கும் வழியைத் தேர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி ஆகியனவும் இவ்வழியையே தேர்ந்தன.

இதன் பின் ஆசிரியர் சம்பளம் முதல் கட்டடப் பராமரிப்பு வரையான செலவுகளை மறைமாவட்டம், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் ஆகியோரின் நன்கொடைகளைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருந்தது. குருமாரும் துறவியரும் கற்பித்தற் பணியில் ஈடுபட்டமை இச்சுமையைக் குறைத்தது. இவ்வகைப் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தைப் பிற்காலத்தில் அரசு மீண்டும் ஏற்றுக்கொண்டது.

தரப்படுத்தல்

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் முறை அறிமுகம் செய்யப்பட்டது. முதலில் மொழி மூல அடிப்படையிலும், 1974 முதல் மாவட்ட ஒதுக்கீட்டு அடிப்படையிலும் அமைந்த இம்முறையால், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளுக்கு யாழ்ப்பாண மாவட்ட மாணவர் மிக உயர்ந்த புள்ளிகளைப் பெற வேண்டியதாயிற்று. தேர்வுப் பெறுபேற்றையே வாழ்வின் ஏணியாகக் கருதிய யாழ்ப்பாணக் கல்லூரிகளின் மாணவரிடையே இது ஆழ்ந்த மனக்கசப்பை ஏற்படுத்தியது. பின்வந்த பத்தாண்டுகளின் இளைஞர் அரசியலுக்கு இதனை ஒரு காரணமாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். மறுபுறம், வசதி குறைந்த வன்னி, மன்னார் போன்ற மாவட்டங்களின் தமிழ் மாணவர் மாவட்ட ஒதுக்கீட்டினால் பயன் பெற்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

போர்க்காலம்

1980களிலிருந்து உள்நாட்டுப் போர் யாழ்ப்பாணப் பாடசாலைகள் அனைத்தையும் பாதித்தது. கல்லூரி யாழ்ப்பாணக் கோட்டைக்கும் கடனீரேரிக்கும் அண்மையில் அமைந்திருந்தமையால், கோட்டையைச் சூழ்ந்து போர் நடந்த காலங்களில் அப்பகுதி முழுவதும் எறிகணை வீச்சுக்கும் வான் தாக்குதலுக்கும் உள்ளாகியது. 1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையின் நடவடிக்கையின்போது நகர மக்கள் தேவாலயங்களிலும் கோவில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சமடைந்தனர். 1993 நவம்பர் 13 இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர்.

1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெய்க்கும் கடும் தட்டுப்பாடு நிலவியதால், சிறு போத்தலில் சிறிதளவு எண்ணெயை ஊற்றித் திரியிட்ட விளக்கின் ஒளியில் மாணவர் க.பொ.த. சாதாரண தர, உயர்தரத் தேர்வுகளுக்குப் படித்தனர். தாள், எழுதுகருவி, ஆய்வுகூட இரசாயனப் பொருட்கள் ஆகியன பொருளாதாரத் தடையால் அரிதாயின.

1995 அக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது நகரின் பாடசாலைகள் அனைத்தும் வெறுமையாயின. அதே ஆண்டு டிசம்பரில் நகரம் இலங்கைப் படையினர் வசமாயிற்று. 1996 ஏப்ரல் முதல் மக்கள் மீளத் திரும்பத் தொடங்கியதைத் தொடர்ந்து பாடசாலைகள் மீண்டும் இயங்கின. ஆயினும், இடம்பெயர்வாலும் வெளிநாட்டுப் புலப்பெயர்வாலும் ஒரு தலைமுறை மாணவரும் ஆசிரியரும் சிதறிப் போயினர்.

பிரான்சிஸ் ஜோசப் அடிகளார்

1980களிற் கல்லூரி அதிபராகப் பணியாற்றிய பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், ஆங்கில ஆசிரியராகப் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் இவர் வன்னியில் ஆங்கிலக் கல்விப் பணியில் ஈடுபட்டார். போரின் இறுதி மாதங்களில் மக்களுடன் முள்ளிவாய்க்கால் பகுதியிலேயே தங்கியிருந்த அவர், 2009 மே 10 ஆம் நாளிட்டு, அங்குள்ள மக்களின் அவலத்தை விளக்கித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

2009 மே 18 இல் வட்டுவாகல் பகுதியில் விடுதலைப் புலிகளின் உறுப்பினர் சிலரும் அவர்தம் குடும்பத்தினரும் படையினரிடம் சரணடைந்தபோது, அடிகளாரும் அவர்களுடன் இருந்து பெயர்களைப் பதிய உதவி, அவர்களுடனேயே பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டதாக நேரிற் கண்டோர் சாட்சியமளித்துள்ளனர். அதன் பின் அவர் காணப்படவில்லை. போரின் முடிவில் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய அறிக்கைகளில் அவர் பெயர் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றது.

மரபுகள்

தலைமை

கல்லூரியின் தலைவராக மறைமாவட்டக் குரு ஒருவர் நியமிக்கப்படுவது வழக்கம். ஏனைய பாடசாலைகளில் அதிபர் எனப்படும் பதவி, இங்கு ஆங்கில மரபைப் பின்பற்றி "றெக்டர்" எனவும் அழைக்கப்படுகின்றது. ஆரம்பத்தில் இப்பதவி அமலமரித் தியாகிகள் சபைக்கு உரியதாய் இருந்தது.

குறிக்கோளுரை

"ஃபீடே எத் லபோரே" என்னும் இலத்தீன் தொடர் கல்லூரியின் குறிக்கோளுரை ஆகும். "விசுவாசத்தாலும் உழைப்பாலும்" என்பது இதன் பொருள்.

சமயம்

கத்தோலிக்கப் பாடசாலை எனினும், சைவ மாணவரும் தொடக்க காலம் முதல் இங்கு கற்று வந்துள்ளனர். இலங்கைப் பாடசாலை முறைப்படி ஒவ்வொரு மாணவரும் தத்தம் சமயத்தையே பாடமாகக் கற்கின்றனர். கத்தோலிக்க மாணவருக்குத் திருப்பலி, செபமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை ஆகிய வழிபாடுகள் ஆண்டுச் சுற்றில் இடம்பெறுகின்றன. மார்ச்சு 17 இல் வரும் புனித பத்திரிசியார் திருநாள் கல்லூரியின் பெருநாளாகும். அத்திருநாள் பெரும்பாலும் தவக்காலத்தில் அமைந்தாலும், பாதுகாவலர் விழா என்ற வகையிற் சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது.

பரிசளிப்பு நாள்

யாழ்ப்பாணக் கல்லூரிகளில் பரிசளிப்பு நாள் என்பது மாணவருக்குப் பரிசு வழங்கும் நிகழ்வு மட்டுமன்று. அந்நாளில் அதிபர் வாசிக்கும் ஆண்டறிக்கை, தேர்வுப் பெறுபேறு, ஆசிரியர் மாற்றம், கட்டடப் பணி, விளையாட்டு வெற்றி, மறைந்தோர் நினைவு என அனைத்தையும் உள்ளடக்கியிருக்கும். இவ்வறிக்கைகளும் "பற்றீசியன்" என்னும் கல்லூரி ஆண்டு மலரும் கல்லூரி வரலாற்றை அறிய உதவும் மூலங்களாகும்.

விளையாட்டு

துடுப்பாட்டத்தில் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையே நடைபெறும் ஆண்டுப் போட்டி "பொன் அணிகளின் போர்" எனப்படுகின்றது. இரு கல்லூரிகளின் நிறங்களிலும் பொன்னிறம் இடம்பெறுவதால் இப்பெயர் அமைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய இப்போட்டி, போர்க்காலத்தில் இடைக்கிடை தடைப்பட்டது. அமெரிக்க மிசன் மரபில் 1872 இல் தோன்றிய கல்லூரியும் கத்தோலிக்க மரபில் தோன்றிய கல்லூரியும் ஆண்டுதோறும் மைதானத்தில் எதிர்கொள்வதால், சமயப் போட்டியாய்த் தொடங்கிய ஒரு வரலாறு நட்புப் போட்டியாய் மாறியதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான "வடக்கின் பெரும் போர்" இதனை ஒத்த மற்றொரு போட்டியாகும்.

உதைபந்தாட்டத்திலும் கல்லூரி நீண்ட புகழுடையது. கடற்கரைக் கிராமங்களான குருநகர், பாசையூர் ஆகியவற்றில் உதைபந்தாட்டம் மக்கள் விளையாட்டாய் வேரூன்றியிருப்பது இதற்குத் துணை செய்தது. இளவாலை புனித என்றியரசர் கல்லூரி இத்துறையில் இதன் முக்கிய போட்டியாளர்களுள் ஒன்று.

பழைய மாணவர் சங்கம்

கட்டணமும் அரச உதவியும் இன்றி இயங்க வேண்டியிருந்த ஆண்டுகளிற் பழைய மாணவரின் பங்கு இன்றியமையாததாயிற்று. புலப்பெயர்வின் பின் கொழும்பிலும், ஐக்கிய இராச்சியம், கனடா, ஆசுத்திரேலியா முதலிய நாடுகளிலும் பழைய மாணவர் கிளைகள் தோன்றின. கட்டடப் புனரமைப்பு, புலமைப்பரிசில், விளையாட்டு வசதிகள் ஆகியவற்றுக்கு இக்கிளைகள் நிதி வழங்கி வருகின்றன.

புகழ்பெற்ற பழைய மாணவர்கள்

தனிநாயகம் அடிகளார் (1913 - 1980): ஊர்காவற்றுறை கரம்பொனிற் பிறந்தவர். 1923 முதல் 1930 வரை இக்கல்லூரியிற் கற்றார். உரோமையிற் குருத்துவக் கல்வி பெற்றுப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ் பயின்றார். 1952 இல் "தமிழ்ப் பண்பாடு" எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணராய் இருந்து, 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார். தமிழுக்குக் குறைந்த இடமே கொடுத்த ஆங்கிலக் கல்விச் சூழலில் இளமைக் கல்வி பெற்ற ஒருவர், அவ்வாங்கிலத்தையே கருவியாகக் கொண்டு தமிழாய்வை உலகறியச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜி. ஜி. பொன்னம்பலம்: வழக்கறிஞர், அரசியல்வாதி. இங்கும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் கற்றார். 1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கினார். சோல்பரி ஆணைக்குழு முன் "ஐம்பதுக்கு ஐம்பது" கோரிக்கையை முன்வைத்தவர்.

காலக்கோடு

1847 - அமலமரித் தியாகிகள் இலங்கை வருகை
1850 - யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை தொடக்கம்
1862 - திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வருகை
1869 - பொதுக் கல்வித் திணைக்களம் உருவாக்கம்
1881 - புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் மாற்றம்
1886 - யாழ்ப்பாண மறைமாவட்டம் நிறுவப்படல்
1936 - லோங் அடிகளார் அதிபராதல்
1945 - இலங்கையில் இலவசக் கல்வி
1954 - யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அடிக்கல் நாட்டப்படல்
1960 - கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாகத் தொடரும் முடிவு
1981 - யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு
1995 - வலிகாம இடம்பெயர்வு
2009 - முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் காணாமற் போதல்

இவற்றையும் பார்க்கவும்

யாழ்ப்பாண மறைமாவட்டம்
தனிநாயகம் அடிகளார்
யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிப்பு
யாழ்ப்பாணக் கல்லூரி
யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி